சந்திக்க ஓர் இடம்

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில் குழந்தைக்கு வயது இரண்டு. தாயோடு மதுரையில் இருந்த அந்தப் பெண் குழந்தை, தந்தையைப் பார்க்க ஞாயிறுதோறும் கரூர் வரை போய்த் திரும்பும்படி கீழே உத்தரவாகியிருந்தது. போகவர ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பெற்றோரின் உரிமைகளைத் தீர்மானிக்கும் வேகத்தில் குழந்தையின் உடல்நலத்தை விட்டுவிட முடியாது என்ற உச்ச நீதிமன்றம், சந்திப்பை மதுரைக்கே மாற்றியது. இடம்: ஒரு பொதுப் பூங்கா அல்லது கோயில் வளாகம். நேரம்: ஞாயிறு காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை. குழந்தை சிறியது என்பதால் தாயும் சுமார் பத்தடி தள்ளி உடனிருக்கலாம்.

குழந்தையை முன்னால் வைத்து எழுதப்பட்ட உத்தரவு அது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சித்திரை வெயிலில் அந்த நான்கு மணி நேரத்தை மதுரையில் கழித்துப் பாருங்கள். நம் கோயில்களில் பெரும்பாலானவை நண்பகலை ஒட்டி நடை சாத்திவிடும். இரண்டு மணி வரை அங்கே இருக்க வழியில்லை. பூங்காவில் இரண்டு வயதுப் பிள்ளையின் ஈரத்துணியை மாற்ற எங்கே போவது? பதினொன்றரைக்குத் தூக்கம் வந்தால் எங்கே கிடத்துவது? மழை வந்தால்? பத்தடி என்பது ஒரு சாதாரண அறையின் நீளம். குடும்ப வன்முறை நடந்ததாகப் புகார் சொல்லும் பெண், அந்த மனிதரின் பேச்சு காதில் விழும் தூரத்தில் வாரம் நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். குழந்தை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கும்.

பூங்கா, கோயில் என்று நீதிபதிகள் எழுதியது அக்கறையின்மையால் அன்று. அதைவிடப் பொருத்தமான இடம் ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. பிரிந்த பெற்றோரைக் குழந்தை சந்திப்பது பற்றி நம் சட்டமும் தீர்ப்புகளும் நிறையப் பேசியிருக்கின்றன. யாருக்கு உரிமை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தீபாவளி யாரோடு, கோடை விடுமுறையில் எத்தனை நாள் என்றெல்லாம் நுணுக்கமாகப் பிரித்திருக்கின்றன. எந்த இடத்தில், யார் பொறுப்பில் என்பது மட்டும் உத்தரவின் கடைசி வரியாகவே நின்றுவிட்டது. அந்த வரிதான் முன்னால் எழுதப்பட்ட எல்லாவற்றின் பலனையும் முடிவு செய்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குழந்தையின் நலன் என்ற அளவுகோல் அதிலேயே உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டப்படி, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். ஆகவே கைக்குழந்தைகளின் வழக்குகளில் பெரும்பாலும் ‘பார்க்க வருபவர்’ தந்தை. பெரிய பிள்ளைகளின் வழக்குகளில் தாயும் அந்த வரிசையில் நிற்கிறார். 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, இரு பெற்றோருடனும் நேரடித் தொடர்பு வைத்திருப்பதைக் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. குழந்தையின் நலனுக்கு எதிராக இருந்தால் மட்டுமே விலக்கு. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் யஷிதா சாஹு வழக்கில் இதே திசையில் பேசியது. உடன் வாழாத பெற்றோர் நேரில் பார்ப்பதோடு நிற்காமல், நாள்தோறும் ஐந்து பத்து நிமிடமாவது தொலைபேசியிலோ காணொளியிலோ பேச வழி செய்ய வேண்டும் என்றது. 2015இல் வெளிவந்த சட்ட ஆணையத்தின் 257ஆம் அறிக்கை கூட்டுப் பொறுப்பு, சந்திப்பு நேரம் ஆகியவற்றுக்கு விரிவான பரிந்துரைகளைத் தந்தது. நாடாளுமன்றம் அவற்றைச் சட்டமாக்கவில்லை.

இந்தச் சட்டங்கள் எல்லாம் நேரத்தை அளந்து தருகின்றன. இடத்தைப் பொறுத்தவரை நம் ஊரில் நடப்பது நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, நீதிமன்றமே. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்துக் குடும்ப நீதிமன்றத்தில் குழந்தைகள் மையம் ஒன்று உண்டு. எத்தனையோ உத்தரவுகள் அந்த இடத்தைத்தான் குறிப்பிடுகின்றன. மும்பை பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்திலும் குழந்தைகளுக்கென்று தனி வளாகம் இருக்கிறது. நீதிமன்றத்தில் சந்திப்பதால் பலன் இல்லாமல் இல்லை. காவலர் பக்கத்தில் இருக்கிறார். யார் வந்தார், யார் வரவில்லை என்பதற்குப் பதிவு இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயப்படும் தாய்க்கு அந்தக் காம்பவுண்டுச் சுவர் பெரிய நிம்மதி.

ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது என்ன இடம்? “இன்னைக்கு கோர்ட்டுக்குப் போறோம்” என்று காலையில் எழுப்பப்படுகிறது. வாசலில் போலீஸ். உள்ளே கறுப்புக் கோட்டுகள். அதே படியில்தான் பாட்டியும் மாமாவும் இன்னொரு பக்கத்துச் சித்தப்பாவும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். போன வாய்தாவில் அம்மா அழுத பெஞ்சு அதுதான். பொம்மைகள் வைத்த ஓர் அறை உள்ளே இருக்கலாம். அந்த அறைக்குப் போகும் வழி முழுவதும் வழக்கின் வழி. மாவட்டங்களில் பல இடங்களில் அந்த அறையும் கிடையாது. சாட்சிகளும் வழக்காடிகளும் காத்திருக்கும் அதே வராந்தாதான் சந்திப்பு இடம்.

இரண்டாவது, குழந்தை வாழும் வீடு. குழந்தைக்கு மிகவும் பழக்கமான இடம் என்பதால் நல்ல யோசனைபோலத் தோன்றும். 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், குழந்தையைப் பார்க்க வரும் தந்தையை விருந்தினராக மதித்து, சிற்றுண்டியும் உணவும் கொடுத்து உபசரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது அப்போது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. பெற்றோர் ஒருவரை ஒருவர் மரியாதையோடு நடத்துவதைப் பிள்ளை பார்க்க வேண்டும் என்ற நல்லெண்ணம் அதன் பின்னால் இருந்தது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. இருவரும் ஒருவரை ஒருவர் எப்படி நடத்த வேண்டும் என்பது வழக்கின் கேள்விக்குள் வராது என்று அமர்வு கருதியது. அந்த ரத்து சரி என்றே நினைக்கிறேன். பிரிந்து வந்த பெண்ணுக்குத் தன் வீட்டுக் கதவுதான் கடைசிப் பாதுகாப்பு. அந்தக் கதவை வாராவாரம் திறந்துவிடச் சொல்வது, வன்முறை நடந்த குடும்பங்களில் பெரிய ஆபத்து. வன்முறை இல்லாத இடத்திலும்கூட, கூடத்தில் தந்தையும் பிள்ளையும், அடுக்களையில் மூச்சை அடக்கிக்கொண்டு தாயும், நடுவில் மூடாத கதவும் என்றால் அங்கே விளையாட்டு எப்படி வரும்? தந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது எளிதானதில்லை. ஒரு காலத்தில் தன் மாமனார் வீடாக இருந்த இடத்தில், சோபாவின் ஓரத்தில், எல்லார் பார்வைக்கும் நடுவே, மகனைக் கொஞ்சத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

மூன்றாவது, பொது இடங்கள். மால், பூங்கா, கோயில், கடற்கரை, ஹோட்டல். சென்னை வழக்குகளில் மால் அடிக்கடி வருகிறது. குளிர்சாதனம், கழிப்பறை, காவலர், கேமரா எல்லாம் இருப்பதால் பூங்காவைவிட ஒரு படி மேல்தான். அங்கே வேறொரு கெடுதல் இருக்கிறது. மூன்று மணி நேரத்தை நிரப்ப வேண்டிய தந்தை வாங்கிக் கொடுக்கிறார். விளையாட்டு அரங்கு, பீட்சா, புது ஷூ, ரிமோட் கார். பிள்ளை பை நிறைய வீட்டுக்கு வருகிறது. அந்தப் பையைப் பார்த்து அங்கே ஒரு சண்டை. வீட்டுப்பாடம் செய்யவைப்பது, நகம் வெட்டிவிடுவது, சும்மா பக்கத்தில் படுத்திருப்பது போன்ற சாதாரண வளர்ப்பு எதற்கும் மாலில் இடமில்லை. காசில்லாத தந்தை அங்கே கூனிக் குறுகுகிறார். முக்கியமாக, ஏதாவது தவறு நடந்தால் பொறுப்பேற்க அங்கே ஒருவரும் இல்லை. மால் காவலருக்கு இவர்கள் மற்றவர்களைப் போல ஒரு குடும்பம், அவ்வளவுதான்.

காணொளி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 பொதுமுடக்கத்தின்போது அதுதான் ஒரே வழியாக இருந்தது. துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் தந்தைகளுக்கு இன்றும் அது உயிர்நாடி. மூன்று வயதுப் பிள்ளை திரையின் முன் நான்கு நிமிடத்துக்கு மேல் உட்காராது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இந்த எல்லா இடங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. குழந்தையின் பக்கம் நிற்கும் மூன்றாம் ஆள் எங்கேயும் இல்லை. அந்த ஆள் இல்லாததன் விளைவு, குழந்தை அழும்போது தெரியும்.

நீதிமன்ற வாசலில் தந்தையைப் பார்த்ததும் ஒரு பிள்ளை வீறிட்டு அழுது, தாயின் கழுத்தை இறுக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். “பாருங்க, அப்பான்னாலே பயப்படுது” என்கிறது ஒரு தரப்பு. “சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்காங்க” என்கிறது மறுதரப்பு. இரண்டு பக்கமும் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். அடுத்த மனுவோடு அது இணைக்கப்படும். பிள்ளை ஏன் அழுதது? ஒன்றரை வயதில் அம்மாவை விட்டு யாரிடம் போனாலும் அழும் வயது என்பதால் இருக்கலாம். இடைக்கால மனு மாதக்கணக்கில் இழுத்ததில் தந்தையின் முகமே மறந்துபோயிருக்கலாம். அப்பாவிடம் சிரித்தால் அம்மா வருத்தப்படுவாளே என்று ஏழு வயதுப் பிள்ளைக்குள் நடக்கும் போராட்டமாக இருக்கலாம். உண்மையிலேயே அந்தக் கையால் அடி வாங்கிய நினைவாகவும் இருக்கலாம். இவை நான்கும் வெளியில் ஒரே மாதிரித்தான் தெரியும். வேறுபடுத்திப் பார்க்க, குழந்தைகளைப் பற்றிப் பயிற்சி பெற்ற ஒருவர், வழக்கில் எந்தப் பக்கமும் சாயாதவர், ஒரு நாள் மட்டும் இல்லாமல் பல வாரங்கள் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். தாய் விடைபெற்றுப் போன பிறகு அழுகை எவ்வளவு நேரம் நீடிக்கிறது, தந்தை கீழே உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருக்கிறாரா, கட்டாயப்படுத்தித் தூக்குகிறாரா, போகும் நேரத்தில் பிள்ளை திரும்பிப் பார்க்கிறதா என்பதெல்லாம் அப்படிப்பட்டவருக்குத்தான் தெரியும். நீதிபதிக்கு வேண்டிய உண்மையும் அதுதான். இன்று அவருக்குக் கிடைப்பதோ இரண்டு கைபேசிப் படங்கள்.

இந்த மூன்றாம் ஆளையும் மூன்றாம் இடத்தையும் வேறு நாடுகள் நாற்பது ஆண்டுகளாக முயன்று பார்த்திருக்கின்றன. இங்கிலாந்தின் கதை நமக்கு அதிகம் உதவும்; ஏனென்றால் அது அரசாணையில் தொடங்கவில்லை. 1980களின் நடுவில் நாட்டிங்ஹாம் நகரத்தில், குடும்ப வழக்குகளைக் கண்ணால் கண்டு நொந்தவர்கள் வார இறுதியில் ஒரு கூடத்தைத் திறந்துவைத்து இதைத் தொடங்கினார்கள். தேவாலய மண்டபம், சமுதாயக்கூடம் என்று இருக்கிற கட்டடங்களே போதுமாக இருந்தன. தரையில் பாய், பொம்மைப் பெட்டி, ஒரு மூலையில் தேநீர், சில தன்னார்வலர்கள். பல ஊர்களுக்கு அது பரவி, 1991இல் அம்மையங்களுக்கென ஒரு தேசியச் சங்கம் உருவானது. தரவிதிகளை வகுத்து, ஆய்வு செய்து, அங்கீகாரம் தருவது இன்று அச்சங்கத்தின் வேலை.

அங்கே இரண்டு வகைச் சந்திப்புகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவினைதான் நாம் கற்க வேண்டிய முதல் பாடம். ஆபத்து இல்லை, பெற்றோருக்குள் பேச்சு மட்டும்தான் முறிந்திருக்கிறது என்ற குடும்பங்களுக்கு உதவிச் சந்திப்பு. ஒரே கூடத்தில் பல குடும்பங்கள் இருக்கும். தன்னார்வலர்கள் கண்ணோட்டமாகப் பார்த்துக்கொள்வார்கள், பேச்சை ஒட்டுக்கேட்க மாட்டார்கள். வந்தார், போனார் என்ற தேதியைத் தவிர நீதிமன்றத்துக்கு அறிக்கை கிடையாது; குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டுமே சொல்வார்கள். அறிக்கை இல்லை என்பதே அங்கே ஒரு விடுதலை. தந்தை தேர்வு எழுதுபவர்போல நடிக்க வேண்டியதில்லை. வன்முறை, போதை, கடத்தல் அச்சம் உள்ள குடும்பங்களுக்கு மேற்பார்வைச் சந்திப்பு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர். பிள்ளை எப்போதும் அவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கும். நடந்தது எழுதி வைக்கப்படும். பேசும் மொழி அந்தப் பணியாளருக்குப் புரிய வேண்டும் என்பதும் இதில் அடங்கும். புலம்பெயர்ந்த நம்மவர் குடும்பங்களுக்கு அது ஒரு கூடுதல் வலி. தமிழில் மட்டுமே பேசிப் பழகிய தந்தையும் பிள்ளையும் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்கவோ, ஆங்கிலத்தில் தடுமாறவோ நேர்கிறது.

இந்த மையங்களின் உண்மையான கைத்திறன் கதவுகளில் இருக்கிறது. நல்ல மையங்களில் பெற்றோர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே வராது. வரும் நேரமும் போகும் நேரமும் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மாற்றி வைக்கப்படும். வாசல்கள் வேறு, காத்திருக்கும் அறைகள் வேறு. தந்தை முதலில் வந்து உள்ளே அமர்வார். பிறகு தாய் பிள்ளையோடு வேறு வாசலில் வருவார். பணியாளர் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப்போவார். முடிந்ததும் தாயும் பிள்ளையும் முதலில் கிளம்பிப் போய்விடுவார்கள்; பின்தொடர முடியாதபடி தந்தை சற்று நேரம் உள்ளே இருப்பார். பிரிந்த பெற்றோர் நேருக்கு நேர் நிற்கும் அந்த ஒப்படைக்கும் தருணம்தான் சண்டை வெடிக்கும் தருணம். சந்திப்பு வேறெங்கே நடந்தாலும் ஒப்படைப்பை மட்டும் மையத்தில் செய்துகொள்ளும் குடும்பங்கள் அதனாலேயே உண்டு.

பிரான்சில் போர்தோ நகரில் 1980களில் இதேபோலத் தொடங்கிய சந்திப்பு இல்லங்கள் 2007இல் அந்நாட்டின் சிவில் சட்டத்திலேயே இடம் பிடித்தன. 2012 முதல் அவற்றுக்கு அரசு அங்கீகாரம் கட்டாயம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம், மேற்பார்வைச் சந்திப்புக்கும் பாதுகாப்பான ஒப்படைப்புக்கும் என்றே நிதி ஒதுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதாவது, இது தனியார் தர்மமாக மட்டும் நிற்க முடியாது என்பதை இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்டன.

ஆள் இருந்தால் போதும், இடம் எதுவானால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். 2012 பிப்ரவரி 5ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஏழு வயதும் ஐந்து வயதுமான இரண்டு சிறுவர்களை மேற்பார்வைச் சந்திப்புக்காகச் சமூகப் பணியாளர் ஒருவர் காரில் அழைத்துவந்தார். சந்திப்பு நடந்த இடம் தந்தை வாடகைக்கு எடுத்திருந்த வீடு. பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். அவர்கள் உள்ளே போனதும் தந்தை கதவை அடைத்துத் தாழிட்டார். வெளியே நின்ற அந்தப் பணியாளர் கதவைத் தட்டினார், அவசர எண்ணுக்கு அழைத்தார். சில நிமிடங்களில் அந்த மனிதர் வீட்டைக் கொளுத்தி, பிள்ளைகளையும் தன்னையும் அழித்துக்கொண்டார். மேற்பார்வையாளர் இருந்தார், உத்தரவு இருந்தது. கதவு மட்டும் அவர் கையில் இல்லை.

இங்கிலாந்தில் பெண்கள் அமைப்பான விமன்ஸ் எய்ட் 2016இல் வெளியிட்ட அறிக்கை, பத்தாண்டுகளில் பன்னிரண்டு குடும்பங்களைச் சேர்ந்த பத்தொன்பது குழந்தைகள், வன்முறையாளர்களாகத் தெரிந்திருந்த தந்தையரால் கொல்லப்பட்டதை ஆவணப்படுத்தியது. எல்லாமே சட்டபூர்வமாகவோ குடும்ப ஏற்பாடாகவோ நடந்த சந்திப்புத் தொடர்புகளின் பின்னணியில் நிகழ்ந்தவை. இரு பெற்றோரும் குழந்தையின் வாழ்வில் இருப்பது நன்மையே என்ற அனுமானத்தை 2014இல் தன் சட்டத்தில் சேர்த்த அதே நாடு, அதை நீக்கப்போவதாக 2025இல் அறிவித்திருக்கிறது.

ஆகவே மையம் கட்டிவிட்டால் எல்லாக் குழந்தைகளையும் அங்கே அனுப்பிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சில சந்திப்புகள் நடக்கவே கூடாது. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: சந்திப்பு குழந்தையின் நலனுக்குக் கேடாகும் என்று நடுவர் கருதினால் அனுமதி மறுத்தாக வேண்டும். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் நான்கு வழக்குகளைச் சேர்த்து விசாரித்தபோது, குழந்தை மனநல மருத்துவர்களான கிளேர் ஸ்டர்ஜ், டான்யா கிளேசர் இருவரின் அறிக்கையைக் கேட்டு வாங்கியது. சந்திப்பால் குழந்தைக்கு என்ன கிடைக்கும், என்ன இழப்பு வரும் என்று இரண்டையும் அவர்கள் எடைபோட்டார்கள். செய்த வன்முறையை ஒப்புக்கொள்ளாத, அதற்காக வருந்தாத பெற்றோரைச் சந்திப்பதால் பிள்ளைக்கு நன்மை விளையும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அவர்களின் நிலைப்பாடு. வன்முறை நடந்ததா என்பதை நீதிமன்றம் முதலில் விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்ற பாடம் அந்த வழக்கிலிருந்து நிலைபெற்றது.

இந்த முடிவைத் தள்ளிப்போட மையம் ஒரு சாக்காகிவிடும் அபாயம் உண்டு. ‘புகாரை விசாரிக்க நேரமில்லை, இப்போதைக்கு மையத்தில் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று எழுதிவிடுவது நீதிமன்றங்களுக்கு எளிது. மேலைநாடுகளில் இந்த மையங்களைக் குறைசொல்பவர்களின் வலுவான வாதமே இதுதான். இன்னொரு குறை, காலம். நான்கு மாதம் என்று தொடங்கியது நான்கு வருடம் நீள்கிறது. ஒரு பிள்ளை தன் தந்தையை எப்போதும் அதே அறையில், அதே பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்தால், அது உறவு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மேற்பார்வைக்குக் கட்டணம் கேட்கும் இடங்களில் ஏழைத் தந்தைகள் விலகிப்போகிறார்கள். மையம் ஒரு பாலமாக இருந்து, ஆபத்தில்லாத குடும்பங்களை இயல்பான வாழ்க்கைக்கு அனுப்பிவிட வேண்டும்.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். மேலைநாட்டு மையம் தாய், தந்தை, பிள்ளை என்ற மூவரை மனத்தில் வைத்து உருவானது. நம் ஊரில் பிள்ளை இழப்பது ஒரு தந்தையை மட்டுமா? அப்பத்தா, தாத்தா, அத்தை, அத்தை பிள்ளைகள் என்று ஒரு பக்கமே அறுந்துபோகிறது. உத்தரவில் தந்தையின் பெயர் மட்டும் இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்த அப்பத்தா முறுக்குப் பொட்டலத்தோடு வெளியே நிற்பாள். அவளை உள்ளே விட்டால் சண்டை வரும் என்று ஒரு பயம். பல நேரம் நியாயமான பயம்தான். மூன்றாம் ஆள் ஒருவர் இருந்தால், மாதம் ஒரு முறை அப்பத்தாவுக்கும் ஒரு மணி நேரம் கொடுக்க முடியும். அந்த முறுக்கும் சின்ன விஷயமில்லை. ‘என்னத்தைக் கலந்து கொடுத்தார்களோ’ என்ற சந்தேகம் வழக்கு நடக்கும் வீடுகளில் சாதாரணம். வெளியிலிருந்து எதைக் கொண்டுவரலாம், பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று முதல் நாளே எழுதி வாங்கும் ஒரு விதி அந்தச் சந்தேகத்தைப் பாதியாவது தீர்க்கும். கைபேசியை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும், வழக்கைப் பற்றிப் பிள்ளையிடம் பேசக் கூடாது, சம்மனோ மனுவோ அங்கே கொடுக்கக் கூடாது என்ற மூன்று விதிகளும் அதைப்போலவே அவசியம்.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உயர் நீதிமன்றத்தைக் கலந்தாலோசித்து, சமூக நல அமைப்புகளையும் அத்துறையில் பணிபுரிபவர்களையும் குடும்ப நீதிமன்றத்தோடு இணைக்க மாநில அரசு விதி வகுக்கலாம் என்கிறது. 6ஆம் பிரிவு ஆலோசகர்களை நியமிக்கச் சொல்கிறது. 12ஆம் பிரிவு மருத்துவர், குடும்ப நலப் பணியாளர் ஆகியோரின் உதவியை நீதிமன்றம் பெறலாம் என்கிறது. சந்திப்பு மையத்துக்கு வேண்டிய ஆட்கள் இந்த மூன்று பிரிவுக்குள்ளேயே இருக்கிறார்கள். இன்று ஆலோசகர்களின் உழைப்பு பெரும்பாலும் கணவன் மனைவியைச் சேர்த்துவைக்க முடியுமா என்று பார்ப்பதிலேயே போய்விடுகிறது. சேர மாட்டார்கள் என்று ஆன பிறகு, பிள்ளைக்காக உட்கார யாருமில்லை.

கட்டடங்களும் இருக்கின்றன. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குழந்தைகள் உள்ளிட்ட எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகள் அச்சமின்றிச் சாட்சி சொல்லத் தனி மையங்களை எல்லா மாவட்டங்களிலும் அமைக்கும்படி உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் பார்க்காதபடி தனி வழி, தனிக் காத்திருப்பு அறை, பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் என்பவை அந்த மையங்களின் இலக்கணம். சந்திப்பு மையத்துக்கு வேண்டிய கதவு அமைப்பை நம் நீதித்துறை ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறது என்றுதான் இதைப் படிக்கும்போது தோன்றுகிறது. ஆபத்து அதிகமுள்ள குடும்பங்களுக்கு, நீதிமன்ற வேலை இல்லாத நாட்களில், இந்த அறைகளே பயன்படலாம். மற்றவர்களுக்கு நீதிமன்றத்தின் நிழலே வேண்டாம். சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பிரிவு எவ்வளவு அழகாக இருக்கிறது! படம் பார்த்துக் கதை சொல்ல, தரையில் உட்கார, கழிப்பறைக்கு அழைத்துப்போக எல்லாம் வசதி உண்டு. “லைப்ரரிக்குப் போறோம்” என்று ஒரு பிள்ளை பள்ளியில் தலைநிமிர்ந்து சொல்லலாம். பக்கத்தில் ஓர் அறையும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு இணைந்த ஒரு சமூகப் பணியாளரும் இருந்தால் வேலை தொடங்கிவிடும். சிறிய ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் அங்கன்வாடிகள் இருக்கின்றன. சமூகப்பணி படிப்பு நடத்தும் கல்லூரிகள் இங்கே ஏராளம்; மாணவர்களின் களப்பணியை இங்கே திருப்பலாம். ஆனால் மாணவர்கள் உதவிக்கு மட்டும். பொறுப்பு, சம்பளம் வாங்கும் பயிற்சி பெற்றவரிடம் இருக்க வேண்டும்; தன்னார்வத்தை மட்டும் நம்பினால் தேர்வு மாதத்தில் கதவு பூட்டியிருக்கும்.

பிள்ளையிடம் கேட்பது என்ற ஒன்று இன்னும் பாக்கி. இங்கிலாந்தில் இதற்கென்றே 2001 முதல் ஓர் அரசு அமைப்பு இயங்குகிறது. அதன் அலுவலர் பிள்ளையைத் தனியாகச் சந்தித்துப் பேசி நீதிமன்றத்துக்குச் சொல்கிறார். இங்கே சில நீதிபதிகள் தம் அறைக்குப் பிள்ளையை அழைத்து, சாக்லேட் கொடுத்து, “யார்கிட்ட இருக்கணும்?” என்று கேட்பது வழக்கம். எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் அதைவிடப் பெரிய பாரத்தை வைக்க முடியாது. யாரிடம் என்று கேட்க வேண்டாம். எங்கே பார்க்கப் பிடிக்கும், எவ்வளவு நேரம் போதும், எது பயமாக இருக்கிறது, தம்பியும் கூட வரட்டுமா, கிரிக்கெட் பயிற்சி இருக்கும் சனிக்கிழமையை விட்டுவிடலாமா என்று கேட்கலாம். இவற்றுக்குப் பிள்ளைகள் தெளிவாகப் பதில் சொல்வார்கள். அந்தப் பதில்களைக் கேட்டு எழுதிவைக்க ஏற்ற ஆள், வாராவாரம் அவர்களைப் பார்க்கும் மையப் பணியாளர்தான்.

மையங்கள் வரும் வரையிலும்கூட ஒரு குடும்ப நீதிமன்ற நீதிபதியால் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: சந்திப்பு உத்தரவின் அந்தக் கடைசி வரியை விரித்து எழுதுவது. யார் முதலில் வர வேண்டும், எத்தனை நிமிடம் கழித்து அடுத்தவர், எந்த வாசல், பிள்ளையைக் கையில் வாங்குபவர் யார், உடன் வரக்கூடியவர்கள் யார் யார், பிள்ளை அழுது மறுத்தால் எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்ப்பது, யார் முடிவில் நிறுத்துவது, காய்ச்சல் என்றால் எந்த எண்ணுக்கு எத்தனை மணிக்குள் சொல்வது, தவறிய வாரத்துக்கு ஈடு எப்போது, இந்த ஏற்பாட்டைத் திரும்பப் பார்க்கும் தேதி எது. இரண்டு வயதில் எழுதிய உத்தரவு மூன்று வயதுக்குப் பொருந்தாது. ஆகவே அந்தத் தேதி ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும்.